அந்தோணியார் பொறுப்பில் அண்ணன்

எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு வரும் அம்மாவின் பட்டியலுக்கு இன்னொரு இருபது நிமிஷம். மற்ற வீடுகளில் மாதா பிரார்த்தனை முடிந்ததும் எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள். நாங்கள் மட்டும் முட்டி தேயக் கிடப்போம். வில்லியனூரிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த எங்கள் ஊரில் கோயில் தெரு என்று ஒரே ஒரு தெருதான். சாயங்கால மணி அடித்ததும் தெரு முழுக்க அருள் நிறைந்த மந்திரம் கேட்கும். ஒவ்வொரு வீடாக ஓய்ந்து, கடைசியில் எங்கள் வீட்டுச் சத்தம் மட்டும் மிச்சமிருக்கும். "அந்த வூட்ல இன்னும் முடியல போல" என்று எதிர் வீட்டில் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

பட்டியல் என்றால் எழுதி வைத்தது அல்ல. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, எல்லாம் மனப்பாடம். மில் மேஸ்திரி ஆட்களுக்குத் தறி பிரித்துக் கொடுப்பது போல அவள் புனிதர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருந்தாள். அம்மை வராமல் பார்த்துக்கொள்ள செபஸ்தியார். கண்ணுக்கு லூசியம்மாள். அப்பாவின் மில் வேலைக்கும் எல்லோருடைய நல்ல மரணத்துக்கும் சூசையப்பர். பேய் பிசாசுக்கு மிக்கேல் சம்மனசு. ஆளுக்கு ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். ஒருவருடைய வேலையை இன்னொருவரிடம் கேட்கக் கூடாது. பல்வலி தாங்காமல் நான் ஒரு முறை செபஸ்தியாரைக் கூப்பிட்டதற்கு அம்மா தலையில் குட்டினாள்.

"அவுரே அம்பு பட்ட வலில கீறாரு. உம் பல்லயும் அவுருதான் பாக்கணுமா?"

உயிரோடிருக்கிறவர்களின் பங்கு முடிந்ததும் அம்மா கொஞ்சம் நிறுத்துவாள். கல்லறைத் திருநாளில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை ஏற்றுவாள். அதற்குப் பிறகு மரித்தவர்கள். அவர்களுக்காகச் சொல்லும்போது நடுவில் புனிதர்கள் யாரும் கிடையாது, நேராக சர்வேசுரனிடம்தான் பேச்சு. தாத்தா, அம்மாவின் தம்பி, எனக்கு மேலே பிறந்து பத்தாம் மாதத்தில் போன அக்கா என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்போம். யார் முதலில் போனார்களோ அவர்கள் பெயர் முதலில் வர வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நான் மாற்றிச் சொன்னால் அம்மா பாதியில் நிறுத்தித் திரும்பச் சொல்ல வைப்பாள்.

"செத்தவங்களுக்கு வரிசதான்டி மரியாத. முன்ன போனவங்கள பின்னால தள்ளாத."

இந்த வரிசையை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வாழ்க்கையின் பெரிய பொய்யை நான் பிரசங்க மேடையிலோ கோர்ட்டிலோ சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் முழங்காலில் நின்று, இந்த வரிசைக்குள்தான் சொன்னேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். ஜெபமாலையில் மூன்றாவது தேவரகசியம் வரும்போது நெல் மூட்டையில் தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை அவனுக்குத் தெரியும். அப்பா வேலை செய்த மில்லிலேயே அவனும் பதிலி ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். அப்பாதான் யார் யாரையோ பார்த்து உள்ளே சேர்த்துவிட்டிருந்தார். ஆறே மாதத்தில் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்துவிட்டு வந்து நின்றான். அப்பாவுக்கு அது தன் சட்டையையே பிடித்தது மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம் வில்லியனூர் மாதா கோயில் திருவிழா. கடைசி நாள், தேர் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தேர் தூக்கிய தோளோடு அண்ணன் உள்ளே வந்தான். யாரோ சும்மா இருக்காமல், "மில்லுக்கு எப்போ போற?" என்று கேட்டார்கள். "அந்த மில்லுக்கு நாய் போவும்" என்றான். அப்பா எழுந்து வாசலில் கிடந்த செருப்பை எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னால் அவன் முகத்தில் அடித்தார். "எம் மூஞ்சில முழிக்காத" என்றார். மறுநாள் காலையில் அவன் வீட்டில் இல்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவனுடைய உத்தரியத்தை நான் தைத்துக் கொடுத்திருந்தேன். உத்தரியம் என்பது காவி நிறக் கம்பளித் துண்டுகள் இரண்டு, நடுவில் கயிறு. ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலும் கிடக்கும். முதல் நற்கருணையான புது நன்மை வாங்கிய நாளில் அம்மா அதை அவன் கழுத்தில் போட்டிருந்தாள். இதை அணிந்தபடி சாகிறவன் நரகத்துக்குப் போக மாட்டான், அடுத்து வரும் சனிக்கிழமையே மாதா வந்து அவனை, பாவம் தீரும்வரை ஆத்துமா வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவாள் என்பது அம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கயிறு பிய்ந்துவிட்டது என்று அவன் கொண்டுவந்தபோது வீட்டில் பச்சை நூல்தான் இருந்தது. ஒன்பது வயதுக் கை. கோணல் மாணலாகத் தைத்து, முடிச்சு மேல் முடிச்சு போட்டுக் கொடுத்தேன். "இன்னாடி இது, கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி கீது" என்று சிரித்துவிட்டு மாட்டிக்கொண்டான்.

பம்பாயிலிருந்து இரண்டு கார்டுகள் வந்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகவும் நன்றாக இருப்பதாகவும் எழுதியிருந்தான். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அம்மா அவனை அந்தோணியாரிடம் ஒப்படைத்தாள். காணாமல் போன பொருளைத்தானே அவர் கண்டுபிடித்துக் கொடுப்பார், ஆளையுமா என்று கேட்டேன். "ஆடு காணாமப் போனப்போ புடிச்சிக் குடுத்தாரு. புள்ளைய வுட்டுடுவாரா?" என்றாள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சாயங்காலம் ரோட்டு முனையில் குகை மாதிரி கட்டியிருந்த அந்தோணியார் கெபிக்கு நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் வாயில் ஏதாவது போடுவாள். வீட்டுப் பட்டியலில் அந்தோணியாரின் முறை வரும்போது மட்டும் எல்லோரும் சிலுவையில் இருப்பது போலக் கைகளை விரித்துக்கொள்ள வேண்டும். மூன்று பரலோக மந்திரம் முடியும்வரை கை இறங்கக் கூடாது. எனக்குத் தோள் கழன்றுவிடும் போல இருக்கும். அப்பாவின் கைகள்தான் எல்லோருடையதையும்விட உயரத்தில் நிற்கும், குரலும் அவருடையதுதான் பெரிது. அடித்த கை அது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அம்மா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

நான்கு வருஷம் இப்படிப் போயிற்று. எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது அப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அந்தோணியாரின் முறை வந்தால் அவர் கையை விரிப்பார், ஆனால் வாய் அசையாது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அது தெரியும். ஒரு நாள் மரித்தவர்கள் பட்டியல் முடிந்து, அம்மா சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அப்பா, "இன்னும் ஒண்ணு" என்றார்.

"யாருக்கு?"

"நினைப்பாரில்லாத ஆத்துமாக்களுக்கு."

உத்தரிக்கிற ஸ்தலத்தில் தங்களுக்காக வேண்டிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் கிடக்கிற ஆத்துமாக்களைச் சொன்னார். கோயிலில் கேள்விப்பட்டதுதான், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா அதுவரை எதற்குமே தனியாக வேண்டச் சொன்னவர் இல்லை. அம்மாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடமே போய், "அவுருக்கு பக்தி வந்துடிச்சி சாமி" என்று சொன்னாள். அப்பா தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

அந்த பக்தியின் காரணம் சைக்கிளிலேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சைக்கிள் பழக எடுத்தேன். செயின் கழன்றுகொண்டது. ஸ்பேனர் எடுக்கலாம் என்று சீட்டுக்குக் கீழே தொங்கிய தோல் பையைத் திறந்தேன். ஒட்டுப் போடும் ரப்பருக்கு அடியில், மில் பஞ்சில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அழுக்கேறிய உத்தரியம். ஓரத்தில் கோணல் மாணலாகப் பச்சைத் தையல்.

அப்பா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி போய் நின்றேன். அவர் பார்த்தார். முதலில் கேட்டது, "ஒங்கம்மா எங்க?"

"கோயில்ல."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பாகூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் மில் கேட்டில் அவரைத் தேடி வந்திருந்தார். பம்பாயில் அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர். மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் செத்துப்போனான், அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது என்று சொல்லி இந்த உத்தரியத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போது அம்மா கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கொஞ்ச நாள் போவட்டும்னு பாத்தேம்மா. அப்பறம் எப்பிடி சொல்றதுன்னு தெரியல. அன்னைக்கி நான் அடிக்காம இருந்திருந்தா அவன் போயிருக்க மாட்டான். அவ கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

அழுதார். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். பார்த்தால் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் செத்த சேதி வந்தும் ஒன்றரை மாதமாக நாங்கள் தினமும் கையை விரித்துக்கொண்டு அவனைத் தேடிக் கொடுக்கச் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கிறோம். இந்த மனுஷர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். "அம்மாகிட்ட சொல்லிடாதம்மா, நானே சொல்றேன்" என்று ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன்.

கோபம் தணிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஞானோபதேச வகுப்பில் மதர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எனக்கு எழுத்துக்கு எழுத்து உண்மை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பு உண்டு. நாம் இங்கே சொல்லும் மந்திரம்தான் அங்கே தண்ணீர். அண்ணனின் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் ஒரு நித்திய இளைப்பாற்றிகூடப் போகவில்லை. உயிரோடிருக்கிறவர்களின் வரிசையில் அவனை வைத்துக்கொண்டிருந்தோம். சரி, உத்தரியம் இருந்ததே, சனிக்கிழமை மாதா வந்திருப்பாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. உத்தரியம் இங்கே இருக்கிறதே! அதைக் கழற்றியது அவன் சாவதற்கு முன்னாலா, பின்னாலா?

அப்பாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். கேட்கத் தோன்றவில்லையாம். இரண்டு வாரம் அவரை நான் விடவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் சிநேகிதர் வீட்டுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு பாகூருக்குக் கிளம்பினார். வெயிலில் அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆள் ஏரிக்கரைக்குக் கீழே கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி. உத்தரியத்தை எடுத்துக் காட்டி, இது எப்போது கழற்றியது என்று அப்பா கேட்டார்.

"இந்தத் தாயத்தா? நான் கழட்டலண்ணா. அவனேதான் கழட்டிக் குடுத்தான். சாவறதுக்கு ரெண்டு நாள் முன்ன."

நான்தான், "எதுக்குக் கழட்டினாரு?" என்று கேட்டேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "ஒங்கம்மா கைல குடுக்கச் சொன்னாம்மா. எங்கம்மா எங்கயாவது தேடிக்கினே இருக்கும், இதப் பாத்தா அதுக்குப் புரிஞ்சிடும், இனிமே தேட வோணாம்னு சொல்லு அப்பிடின்னான். எனக்கு ஒங்க வூடு தெரியல, மில்லு பேருதான் தெரியும். அன்னைக்கே இத சொல்ல வந்தேன். சங்கு ஊதிடிச்சி, ஒங்கப்பா திரும்பிப் பாக்காம உள்ள பூட்டாரு."

கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் நான் உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷர் எனக்கு ஒரு கரும்பை வெட்டி நீட்டினார். அதை வாங்கிக்கொண்டேன், தின்னவில்லை. கழுத்தில் ஒன்றுமில்லாமல் செத்திருக்கிறான். அம்மாவின் தேடலை நிறுத்துவதற்காகத் தன் பாதுகாப்பைத் தானே கழற்றிக் கொடுத்திருக்கிறான். அது வந்து சேர வேண்டிய கை ஒன்றுதான், அந்தக் கையிடமிருந்துதான் நாங்கள் அதை மறைத்து வைத்திருந்தோம்.

"இன்னைக்கி சொல்லிடறேன்" என்றார் அப்பா, திரும்பி வரும்போது. உத்தரியம் அப்போது என் பாவாடை முடிச்சில் இருந்தது. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் அம்மா ஓடி வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றுதான் முழுத் தெளிவைப் பார்த்தேன். பதின்மூன்று செவ்வாய் விடாமல் இருந்தால் அந்தோணியார் இல்லையென்று சொல்லவே மாட்டார் என்று உபதேசியார் சம்சாரம் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் கிடந்ததில் நடுவில் விட்டுப்போனதால், ஒன்றிலிருந்து திரும்ப ஆரம்பிக்கப் போகிறாளாம். "அவன் வந்தப்பறம் மாதா தேருக்கு ஒங்க தோளும் அவன் தோளும் ஒண்ணா குடுக்கணும். நான் வேண்டிக்கினேன்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். "கால் கழுவிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். நானாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், பசிக்கிறது என்றேன். பயந்தாங்கொள்ளி என்று அப்பாவைத் திட்டியவள்தான் நான்.

அந்த ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு, அந்தத் திருவிழா போய் அடுத்த திருவிழா என்று தள்ளிக்கொண்டே போனது. நேரம் பார்த்துக் கொடுக்கலாம், நீயே வைத்திரு என்று அப்பா உத்தரியத்தை என்னிடமே விட்டுவிட்டார். என் ஜெபப் புத்தகத்தின் அட்டை உறைக்குள் அதைச் செருகி வைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அப்பாதான் சொல்ல வேண்டும், நீ அவருக்காக வேண்டிக்கொள் என்று சொல்லி, மூன்று அருள் நிறைந்த மந்திரம் அபராதம் கொடுத்தார். இவ்வளவு பெரிய பொய்க்கு மூன்றுதானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மற்றபடி பட்டியல் நடந்தது. அந்தோணியாரிடம் கை விரித்தோம். நினைப்பாரில்லாத ஆத்துமாக்களுக்காகச் சொல்லும்போது அப்பாவும் நானும் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வோம். அவன் பெயரை நான் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அந்த ஊரிலேயே அவனைப் போல நினைக்கப்பட்டவன் யாரும் கிடையாது. கொட்டிலில் பிறந்த பசுங்கன்று முதல் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி வரை யாரைப் பார்த்தாலும் அம்மா அவன் பேச்சைத்தான் எடுப்பாள். அப்படிப்பட்டவனை நினைப்பாரில்லாதவர்களோடு ஒளித்து வைத்துத்தான் எங்களால் அவனுக்காக வேண்ட முடிந்தது. அந்தோணியாரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அவர் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டார். தேடிக் கொடுத்துவிட்டார். கொடுத்ததை வாங்கி அட்டைக்குள் செருகி வைத்தவள் நான். இதெல்லாம் தெரியாத அம்மா செவ்வாய்க்குச் செவ்வாய் பட்டினி கிடந்து அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். கடைசி நாட்களில் பேச மூச்சுப் போதாத நிலையிலும் என்னைக் கூப்பிட்டு, "நீயாவது குடுத்துடும்மா" என்றார். அவருடைய பொய்யை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறார் என்று அழுகைக்கு நடுவிலும் கோபம் வந்தது. அன்றிலிருந்து மரித்தவர்கள் வரிசையின் கடைசியில் அப்பாவின் பெயர் சேர்ந்தது. அந்தப் பெயர் வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் ஒரு பெயர் விட்டுப்போவது எனக்கு மட்டும் தெரியும். நினைப்பாரில்லாத ஆத்துமாக்களை அம்மா விடவில்லை. "ஒங்கப்பா ஆசையா கேட்டது அது ஒண்ணுதான்" என்பாள்.

எனக்கு அதே ஊரில் கல்யாணமாயிற்று. சாயங்காலம் ஆனால் என் இரண்டு குழந்தைகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவேன். குழந்தைகளும் கையை விரிக்கக் கற்றுக்கொண்டன. "மாமா எப்பம்மா வருவாரு?" என்று பெரியவள் கேட்டாள். "ஆயிரம் தடவ கேக்காத" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் கேட்டது ஒரே தடவைதான்.

அம்மா சர்க்கரை வியாதியில் விழுந்தாள். காலில் புண், அப்புறம் சிறுநீரகம். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். இனிமேலும் தள்ளினால் நான் மனுஷியே இல்லை என்று அட்டை உறையிலிருந்து உத்தரியத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எண்ணெய் பூசிய நெற்றியோடு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச ஆசையாக இருந்தாள்.

"இனி ஒண்ணும் கவல இல்லடி. நேர்லயே போயி அந்தோணியாரப் பாத்துக் கேட்டுடறேன். பதினெட்டு வருஷமா கேக்கறேன், காதுல வாங்காத மாதிரியே நிக்கிறாரு. மொகத்துக்கு மொகமா கேட்டா இன்னா சொல்லுவாரு பாப்போம்."

மூடாத கையால் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"அவன் வந்தான்னா, ஒங்கம்மா கடைசி வரைக்கும் தேடினான்னு சொல்லு. திட்டாத அவன." அப்புறம் என் மூடிய கையைப் பார்த்தாள். "கைல இன்னாடி?"

"ஜெபமாலம்மா" என்றேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

குளிப்பாட்டி, கல்யாணப் புடவை கட்டி, பெட்டியில் வைத்தார்கள். விரல்களில் ஜெபமாலையைச் சுற்ற வேண்டும், அதை நான் செய்கிறேன் என்று சொன்னேன். ஜெபமாலைக்கு அடியில் அண்ணனின் உத்தரியத்தை வைத்து, பச்சைத் தையல் உள்ளங்கையில் படும்படி அந்த விரல்களை மடக்கினேன். விரல்கள் லேசில் மடங்கவில்லை. அம்மாவின் கையில் கொடு என்று அவன் சொல்லி அனுப்பியது பதினான்கு வருஷம் கழித்து இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அப்பாவின் அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். "பழய உத்தரியமா கீதே, யாருது?" என்று கேட்டாள். அதற்குள் பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் மணி அடித்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள். பட்டியலை இனி நான்தான் நடத்த வேண்டும். செபஸ்தியார், லூசியம்மாள், சூசையப்பர், சம்மனசு எல்லோரும் வந்து போனார்கள். அந்தோணியாரின் முறை வந்தது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே வீட்டிலிருந்த எல்லோரும், என் குழந்தைகள் உட்பட, கைகளை விரித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"கைய எறக்கிடுங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. சின்னவன் மட்டும் வலி விட்டது என்று இறக்கிக்கொண்டான். நான் மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றினேன். தாத்தா, மாமன், அக்கா என்று வரிசையாகச் சொல்லி வந்தேன். அப்பாவின் பெயருக்கு முன்னால் நிறுத்தி, அண்ணனின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். நித்திய இளைப்பாற்றி கேட்டேன். பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நானே பதிலையும் சொல்லி, அப்பா பெயருக்கும் அம்மா பெயருக்கும் சொல்லி முடித்தேன்.

அத்தைதான் முதலில் பேசினாள். "எப்போலேர்ந்துடி தெரியும்?"

"ரொம்ப வருசமா."

"அடிப்பாவி. ஒங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"இன்னைக்கித் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.